தப்புதாங்க தொரை

ஒரு முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோர்ட்டில் நிற்கும் ஒருவன் ‘நான் குற்றவாளி இல்லை’ என்று சொன்னால், தன்னைப் பிடித்த போலீஸ்காரரைப் பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொல்வதாக அர்த்தம். அதற்கென்று தனியாக இன்னொரு தண்டனை உண்டு. என் இருபத்து மூன்றாம் வயது வரை இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

சென்ற வாரம் எழுதிய காட்டுப்பன்றிக் கதையைப் படித்துவிட்டு உலு யாமிலிருந்து ஒரு வாசகர், ‘நீர் பயப்படாமல் இருந்த நாள் ஒன்றாவது உண்டா?’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன் ஐயா. கிடைத்தால் எழுதுகிறேன். இந்த வாரம் வருவது அந்த நாள் இல்லை.

வார்னிஷ் வாசனை

கோலா சிலாங்கூர் கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டு என்றதும், இரும்புக் கம்பியும் பூட்டும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இடுப்பளவு உயரத்தில் ஒரு மரச்சட்டம், அவ்வளவுதான். புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். கையை வைத்தேன், லேசாக ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தபோது வந்த ‘ப்ச்’ சத்தம் எனக்கு யாரோ உச்சுக்கொட்டி இரக்கப்படுவது போல இருந்தது.

என் சட்டை என் மாமனாருடையது. அவர் என்னைவிட இரண்டு மடங்கு அகலம். காற்றாடி சுற்றும்போதெல்லாம் சட்டை உப்பியது. உள்ளே நான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்.

கலங்கரை விளக்கக் குன்றிலிருந்து இறங்கி வந்த குரங்குகள் கோர்ட்டுக் கூரையில் ஓடிக்கொண்டிருந்தன. மேடையில் மாஜிஸ்திரேட், ஓர் இளம் வெள்ளைக்காரர், ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மூக்கைச் சிந்தும்போதெல்லாம் எனக்குத் தீர்ப்பு வந்துவிட்டது என்று நிமிர்ந்து நின்றேன்.

என் மேல் சாட்டப்பட்ட குற்றம்: முள்கம்பி வேலிக்கு வெளியே அரிசி கொண்டுபோனது. அளவு ஒரு படி.

இன்றைய பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மலாயாவின் அவசரகாலத்தில் யாரும் சிரிக்கவில்லை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று எங்கள் வரிசை வீடுகளான லயங்களைப் பெயர்த்து ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் கம்பி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போகிறவர்களைக் காலையில் அந்தக் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அரிசி, சீனி, டின் பால், மாத்திரை எதுவும் சீட்டு இல்லாமல் தாண்டக்கூடாது. தாண்டினால் ஜெயில். ஜெயிலோடு முடியுமா, கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்புவார்களா என்பது யாருக்கும் தெரியாது. நான் பிறந்தது இந்த ஊரில். இந்தியாவில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. என் மனைவி பவளத்துக்கு அப்போது எட்டாம் மாதம்.

ஆகவே, ஜெயிலுக்குப் போகாமல் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். அது தோட்டத்து வழி.

முறை வைத்து ஒப்புக்கொள்வது

தோட்டத்தில் எங்களுக்கும் ஒரு கோர்ட்டு இருந்தது. காலையில் ஆள் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம்தான் அது. இருட்டு முழுதாகப் பிரியாத நேரம், பால் சுமக்கும் காண்டா வாளிகள் காலடியில், தோட்டத்து மேனேஜர் துரை தொப்பியோடு வந்து நிற்பார். பக்கத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி, பின்னால் வேலை வாங்கும் மண்டோர். முந்தின நாள் நடந்த குற்றத்தை கிராணி சொல்வார். ‘யார் செய்தது?’ என்று துரை கேட்பார்.

அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. கையைக் கட்டி, தலையைக் குனிந்து, “தப்புதாங்க தொரை.”

துரை இரண்டு நிமிடம் திட்டுவார். இங்கிலீஷில் தொடங்கி மலாய் வழியாகத் தமிழுக்கு வந்து நிற்பார். எல்லாரும் வேலைக்குப் போவோம். விஷயம் முடிந்தது.

செய்யவில்லை என்று சொன்னால்தான் வம்பு. துரை கேட்டுக்கொண்டே நிற்பார். வெயில் ஏறும். ஏறினால் பால் ஓடாது, வாளி நிறையாது, நாள் பூராவும் வீண். அதனால் யார் செய்தது என்பது ஒரு பொருட்டே இல்லை. யாராவது ஒருவர் சீக்கிரமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒருமுறை துரை பங்களாவின் ரோஜாச் செடியை ஓர் ஆடு மேய்ந்துவிட்டது. ஆடு வைத்திருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேருமே தங்கள் ஆடு யோக்கியமான ஆடு என்றார்கள். அன்று பத்து மணி வரை நின்றோம். அதற்குப் பிறகுதான் எங்கள் லயத்தில் முறை வைத்தார்கள். இந்த வாரம் உன் முறை, அடுத்த வாரம் என் முறை. என்ன குற்றம் என்றே தெரியாமல் முறைக்காரர் முன்னால் போய் நிற்பார்.

இதில் மன்னன் சின்னப்பன். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். சாமியார் வரும்போதெல்லாம் மண்டி போட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்து பழகிய வாய். அவர் ‘தப்புதாங்க தொரை’ என்று சொன்னால் துரைக்கே கொஞ்சம் கூச்சமாகிவிடும். மற்றவர்கள் தங்கள் முறைக்கு அவரை அனுப்பிவிட்டு, சாயங்காலம் கள்ளு வாங்கிக் கொடுப்பார்கள். ஒருநாள் அப்படித்தான் ஒருவருக்காகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். பிறகு பார்த்தால், அன்று துரை கூப்பிட்டது ஒரு நல்ல செய்தி சொல்ல. அந்த ஆளுக்கு மண்டோர் வேலை கொடுக்க இருந்தாராம். சின்னப்பன் உருகிய உருக்கத்தைப் பார்த்து மனசை மாற்றிக்கொண்டார்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். துரையும் வெள்ளைக்காரர், மாஜிஸ்திரேட்டும் வெள்ளைக்காரர். ஒருவருக்குச் செல்லுவது இன்னொருவருக்குச் செல்லாமலா போகும்?

முனியாண்டி கம்பிக்கு வெளியே

அரிசி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

லயங்களைப் பெயர்த்தபோது எங்களையெல்லாம் கம்பிக்குள்ளே கொண்டுவந்தார்கள். முனியாண்டியை விட்டுவிட்டார்கள். பழைய லயத்து ஆலமரத்தடியில், அரிவாளும் மீசையுமாக, அவர் மட்டும் வெளியே நின்றார். காவல் தெய்வத்துக்கு எதற்குக் காவல் என்று நினைத்தார்களோ என்னவோ.

பவளத்தின் பிரசவத்துக்கு என் மாமியார் வேண்டிக்கொண்டார். ஒரு படி பச்சரிசி, ஒரு சுருட்டு, ஒரு தேங்காய். பங்கீட்டு அரிசியில் வேளைக்கு ஒரு பிடியாக எடுத்துச் சேர்த்தது அந்த ஒரு படி. அரிசி என்று பிடிக்காமல் இருக்க வேகவைத்துக் கொண்டுபோகலாமே என்று கேட்டேன். ‘வெந்ததைப் படைக்க அவரென்ன ஆஸ்பத்திரியில படுத்திருக்காரா?’ என்றார் மாமியார். பையைச் சைக்கிளில் கட்டியவரும் அவர்தான்.

கம்பிக்குள்ளேயே இருந்த ரப்பர்ப் பால் கொட்டாயில் வேலை எனக்கு. அன்று மத்தியானம் வேலை முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். காவலில் நின்றது யூசோப். தஞ்சோங் காராங் நெல்வயல்காரர் மகன், ஸ்பெஷல் போலீஸில் சேர்ந்தவர். நானும் அவரும் ஒரே நெருப்புக்குச்சியில் சிகரெட் பற்றவைத்துக்கொள்ளும் பழக்கம். சைக்கிளை நிறுத்தி, பையைக் காட்டி, சாமிக்கு அரிசி, ஒரு எட்டுப் போய் வைத்துவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டேன். யூசோப் தலையைச் சொறிந்தார். முடியாது லா என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் புதிதாக வந்த சார்ஜண்ட். கேட்டு, சைக்கிள், அரிசி, நான். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்தார்.

நான் உடனே கையைக் கட்டிவிட்டேன். பழக்கதோஷம்.

லோரியில் ஒரு பாடம்

ஸ்டேஷனிலிருந்து கோர்ட்டுக்கு லோரியில் கொண்டுபோனார்கள். கைவிலங்கு பற்றாக்குறை போலிருக்கிறது. என் இடது கையையும் இன்னொருவரின் வலது கையையும் ஒரே விலங்கில் சேர்த்துப் பூட்டினார்கள். அந்த இன்னொருவர்தான் மாரிமுத்து. ஆற்றுக்கு மேலே வேறொரு தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு மூக்கு அரித்தால் அவர் கையும் சேர்ந்து வரும். ஒன்றும் சொல்லமாட்டார்; கூடவே தூக்கிக் கொடுப்பார்.

அவர் குற்றம் இரண்டு டின் பால். தாய்க்குப் பால் இல்லை. பிறந்து மூன்று மாதக் குழந்தையோடு அவர் மனைவி பக்கத்து டிவிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஆஸ்பத்திரி அவர்கள் கம்பிக்கு வெளியே இருந்தது.

நான் கொஞ்சம் வாயாடி. ஐந்தாம் வகுப்பு வேறு படித்திருந்தேன். மாரிமுத்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“தம்பி படிச்ச புள்ள மாதிரி இருக்க. உள்ள போயி என்னா சொல்லணும்?”

ஒருவன் முட்டாள் என்பது பிறர் அவனிடம் யோசனை கேட்கும் வரை வெளியே தெரிவதில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“கைய கட்டுங்க. தலைய குனிங்க. தப்புதாங்க தொரைன்னு சொல்லுங்க. திட்டிட்டு விட்டுருவாரு. மிஞ்சிப் போனா பத்து நாளு.”

அவர் ரோட்டோரக் கால்வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்கிட்ட ஆஸ்பத்திரி டிரெஸர் ஐயா குடுத்த சீட்டு இருக்கு தம்பி. பால் டின்னு கொண்டு போலாம்னு. அன்னிக்கு அவசரத்துல டிரங்குப் பொட்டியிலயே வச்சிட்டு வந்துட்டேன். புடிச்ச நேரத்துல பயத்துல பேச்சே வரல. அத உள்ள சொல்லலாமா?”

“வேணவே வேணாண்ணே. சீட்டு இருக்குன்னு சொன்னா, போலீஸ் மாத்தா தப்பா புடிச்சிட்டாருன்னு சொன்ன மாதிரி ஆயிரும். அவருக்கு மொகம் எங்க வைக்கிறது? தொரைக்கும் கோவம் வரும். வேற ஒரு வார்த்த பேசாதீங்க லா.”

“சரி தம்பி” என்றார். ஒத்திகை கூடப் பார்த்தோம். நான் துரை, அவர் மாரிமுத்து. சின்னப்பனைவிட நன்றாகச் சொன்னார்.

ஒரு ‘ஆனா’

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். வார்னிஷ், உப்பிய சட்டை, குரங்கு எல்லாம் இங்கேதான் வருகின்றன.

கோர்ட்டில் இண்டர்பிரட்டர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒடிசலான உடம்பு, கை மடிப்பில் குடை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. குற்றச்சாட்டை நிறுத்தி நிறுத்தித் தமிழில் படித்தார். படித்துவிட்டு, விளங்கினதோ என்று கேட்டார். விளங்கியது என்றேன். பயத்தில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

“நீர் குற்றத்தை ஒப்புக்கொள்ளுறீரோ, இல்லை, விசாரணை கேக்கிறீரோ?”

கையைக் கட்டினேன். தலையைக் குனிந்தேன்.

“தப்புதாங்க தொரை.”

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். கோர்ட்டில் சத்தமே இல்லை. மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டிருந்தார். துரை திட்டுவார் என்று காத்திருந்தவனுக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. பயந்தால் சிலருக்கு வாய் அடைக்கும். எனக்குத் திறந்துகொள்ளும்.

“ஆனா அந்த அரிசி முனியாண்டி சாமிக்குங்க. நான் வெளிய கொண்டு போகலீங்க. கொண்டு போலாமான்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

இண்டர்பிரட்டர் அதை இங்கிலீஷில் சொன்னார். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

“இதை ஒப்புதல் எண்டு எடுக்க ஏலாதாம். விசாரணைக்கு வைக்கிறாராம்.”

நான் மறுபடியும் கையைக் கட்டினேன். “ஐயா, மறுபடியும் ஒத்துக்கிறேங்க. ஆனாவ எடுத்துருங்க.”

அவர் அதையும் மொழிபெயர்த்தார். மாஜிஸ்திரேட் தலையை ஆட்டினார்.

“வேண்டாமாம்” என்றார் இண்டர்பிரட்டர்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். குற்றம் செய்தேன் என்று நானே சொல்கிறேன்; வாங்க மாட்டேன் என்கிறார்கள். கொலைக் கேஸில் மட்டும்தான் ஒப்புக்கொண்டாலும் விடாமல் விசாரிப்பார்கள் என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்தது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. ஒரு படி அரிசிக்குத் தூக்கு. கூண்டிலிருந்து இறங்கும்போதே கழுத்தைத் தடவிக்கொண்டேன். வார்னிஷ் கழுத்திலும் ஒட்டியது.

எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி வந்திருந்ததால் ஜாமீன் கிடைத்தது. அது ஏதோ கடைசி ஆசையை நிறைவேற்றுவதற்காகக் கொடுத்தது என்று நினைத்தேன்.

அடுத்து மாரிமுத்துவைக் கூப்பிட்டார்கள். பெஞ்சிலிருந்து எழுந்தவரின் முழங்கையைப் பிடித்துக் காதில் சொன்னேன்: “பாத்தீங்கள்ல? வாயத் தொறந்தேன், என் கதை முடிஞ்சிது. நீங்க தொறக்காதீங்க.”

அவர் என்னைவிட அழகாகக் கையைக் கட்டினார். “தப்புதாங்க தொரை.”

மாஜிஸ்திரேட் அவசரப்படவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். இண்டர்பிரட்டர் மூலமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். குற்றச்சாட்டு விளங்கியதா? விளங்கியது. ஒப்புக்கொண்டால் ஜெயில் கிடைக்கலாம், தெரியுமா? தெரியும். யாராவது மிரட்டிச் சொல்ல வைத்தார்களா? இல்லை. கடைசியாக, சொல்வதற்கு வேறு ஏதாவது இருக்கிறதா?

மாரிமுத்து திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் தலையைக் குனிந்தேன். எப்படிக் குனிய வேண்டும் என்று காட்டுவதற்காக.

“ஒண்ணும் இல்லீங்க” என்றார்.

மூன்று மாதம். அவரைக் கொண்டுபோகும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது. மூன்றே மாதத்தில் மனுஷன் கணக்கைத் தீர்த்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

யூசோப் சாப்பிட்டாரா

என் விசாரணை இரண்டு முறை தள்ளிப்போனது. அந்த இரண்டு மாதத்தில் ஓர் உயில் எழுதினேன். சைக்கிள் பவளத்துக்கு, ஓடாத கைக்கடிகாரம் மாமனாருக்கு. பவளம் அதை வாங்கிப் படித்துவிட்டு, ‘சைக்கிள போலீஸ்ல புடிச்சி வச்சிருக்காங்க, எப்படிக் குடுப்பீங்க?’ என்று கேட்டாள். இடையில் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். முனியாண்டி வாங்காத அரிசிக்கும் வேலை செய்துவிட்டார். என் கேஸ் நல்லபடியாக முடிய இன்னொரு படி அரிசி வேண்டிக்கொள்ளப் போவதாக மாமியார் சொன்னார். காலில் விழுந்து தடுத்தேன்.

விசாரணை நாளன்று கோர்ட்டு வராந்தாவில் இண்டர்பிரட்டர் மழைக்கு ஒதுங்கி நின்றார். என்னைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். கிராம்பு வாசனையும் கூடவே வந்தது. நான் மெல்ல என் சந்தேகத்தைக் கேட்டேன். விசாரணை கேட்டதற்குத் தனியாக எவ்வளவு தண்டனை?

அவர் குடையை உதறினார்.

“விசாரணை கேக்கிறது உம்மட உரிமை. அது ஒருத்தரையும் பொய்யன் எண்டு சொல்லுறதில்லை. குற்றத்தைக் காட்டுங்கோ எண்டு கேக்கிறது, அவ்வளவுதான். காட்டவேண்டியது அவையள். நீர் ஒண்டும் காட்டத் தேவையில்லை. வாயைத் திறக்காமலும் இருக்கலாம்.”

“வாயத் தொறக்காம இருந்தா கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“உம்மால அது ஏலுமெண்டால் நாங்கள் சந்தோசப்படுவம்” என்றார்.

சார்ஜண்ட் முதலில் சாட்சி சொன்னார். அரிசியைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன், பிடித்தேன். எல்லாம் உண்மைதான். அடுத்தது யூசோப். தொப்பியை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

அவர் சொல்லி முடித்ததும் மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். சாட்சியைக் கேள்வி கேட்கலாம் என்றார் இண்டர்பிரட்டர். எனக்கு விளங்கவில்லை. நானா? போலீஸையா? பெரட்டுக் களத்தில் துரையைப் பார்த்து நீங்கள் நேற்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்பது மாதிரி அல்லவா இது? கோர்ட்டு முழுவதும் என்னையே பார்த்தது. ஏதாவது கேட்டாக வேண்டும். யூசோப்பிடம் நான் தினமும் கேட்கிற ஒரே கேள்விதான் வாயில் வந்தது.

“யூசோப், சுடா மாக்கான்?”

சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டேன். மலாய் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிந்திருக்கிறது, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். யூசோப் மட்டும் சிரிக்கவில்லை. பழக்கத்தில், இன்னும் இல்லை என்று பதில் சொன்னார். பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் அடுத்த கேள்வி வந்தது. அன்று உன்னிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன். எங்கே நின்றேன் என்றும் கேட்டேன்.

யூசோப் நிமிர்ந்து நின்று சொன்னார். கேட்டுக்கு உள்ளே நின்றான். பையை அவனே திறந்து காட்டினான். அவன் சாமிக்கு என்று சொல்லி, கொண்டுபோகலாமா என்று என்னைக் கேட்டான். முடியாது என்றேன். அவன் ஒரு அடிகூட வெளியே வைக்கவில்லை.

மாஜிஸ்திரேட் எழுதினார். எனக்கு அது ஒரு மணி நேரம் போலத் தெரிந்தது. இரண்டு நிமிடம் இருக்கும். அனுமதி கேட்டவன் கடத்தியவன் ஆகமாட்டான், என் தரப்பைக் கேட்கவே தேவையில்லை, போகலாம் என்று இண்டர்பிரட்டர் சொன்னார். நான் போகவில்லை. கூண்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் மறுபடியும் சொன்னார், “போகலாம் காணும்.” அந்த முறை வார்னிஷ் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டிருந்தது.

அரிசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வண்டு விழுந்திருந்தது.

வெளியே வந்த பிறகு இண்டர்பிரட்டரிடம் இன்னொன்று கேட்டேன். வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். ஒருத்தரிடம் அனுமதிச் சீட்டு இருந்து, அதைச் சொல்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டால்?

அவர் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் உமக்கு நடந்ததுதான் அவருக்கும் நடந்திருக்கும், ஒப்புதலை எடுக்காமல் விசாரணைக்கு வைத்திருப்பார்கள், சீட்டைக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள் என்றார். பிறகு கேட்டார்: “ஏன் சொல்லேல்லை?”

மழை விட்டிருந்தது. பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் வரவில்லை.

ஒரு சீப்பு பிசாங்

அந்த வாரமே மாரிமுத்து வெளியே வந்தார். நன்னடத்தைக்குக் கழித்தது போக இரண்டு மாதத்துச் சொச்சம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என்னைத் தேடிக்கொண்டு எங்கள் கேட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு பிசாங், வாழைப்பழம். யூசோப் பழத்தை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். பழம் உள்ளே வரலாம், வெளியேதான் போகக்கூடாது.

ஆள் இளைத்திருந்தார். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள். லயத்து வாசலில் பலகையில் உட்கார வைத்தேன். பவளம் கோப்பி கொண்டுவந்தாள். என் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“எம் புள்ள நல்லா இருக்கு தம்பி. டிரெஸர் ஐயாவே பால் குடுத்து வளத்துட்டாரு. என்னையத்தான் அடையாளம் தெரியல. தூக்குனா அழுவுது” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பிறகு பழத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“நீ சொன்ன மாதிரியேதான் சொன்னேன். மூணு மாசத்தோட போச்சு. ஒனக்குத்தான் பாவம், கேஸு அது இதுன்னு ரெண்டு மாசம் அலைஞ்சியாமே. கேள்விப்பட்டேன்.”

நன்றி சொல்ல வந்திருக்கிறார். நான் ஒரு பழத்தை உரித்தேன். கோர்ட்டு வராந்தாவில் கேட்டதை அவரிடம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகு பஸ்ஸிலும் பாசாரிலும் பார்த்த பல வருடங்களிலும் சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை. அவர் மகள் இந்த வாரப் பத்திரிகையைப் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சீட்டு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டேன்.

“இப்ப எங்க போனாலும் கொண்டு போறேன்” என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்த காகிதம். மடிப்பெல்லாம் பழுப்பேறியிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது; நான் பிரித்துப் படித்தேன். குழந்தைக்காக வாரத்துக்கு இரண்டு டின் பால் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக அனுமதி, அந்த மாதம் முடியும் வரை. கீழே டிரெஸரின் கையெழுத்தும் போலீஸ் ஸ்டேஷன் முத்திரையும் இருந்தன. அவரைப் பிடித்தது அந்த மாதம் இருபதாம் தேதி.